பழைய தூர்தர்ஷன் ஹிந்தித் தொடர்கள் உண்மையிலேயே நல்லவையா, அல்லது நம் வீட்டுப் பெரியவர்களின் இளமை நினைவா?

நீங்கள் கேட்டதை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் அப்பா எண்பதுகளில் டெல்லி ராமகிருஷ்ணபுரத்தில், அரசு ஊழியர் குடியிருப்பில் வளர்ந்தவர். அவரும் அத்தைகளும் ஒன்றுகூடினால் பேச்சு எப்படியோ ‘ஹம் லோக்’, ‘புனியாத்’, ‘மகாபாரத்’ என்று போய்விடுகிறது, எல்லோருக்கும் பத்து வயது குறைந்துவிடுகிறது. ஆசையாக யூடியூபில் தேடி, போனில் ‘ஹம் லோக்’ பார்த்தீர்கள். இரண்டு எபிசோடுக்கு மேல் போக முடியவில்லை. படம் மங்கல், கதை நகரவில்லை, மேடை நாடகம் மாதிரி பேசுகிறார்கள். ‘இவை நிஜமாகவே நல்ல தொடர்களா, வேறு சேனல் இல்லாததால் பார்த்தார்களா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ‘அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தால் எனக்கும் பிடிக்குமா?’ என்று போகிற போக்கில் ஒரு வரி. முதல் கேள்விக்கான விடையே அந்த இரண்டாவது வரிக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நான் தொலைக்காட்சியில் படத்தொகுப்பாளனாகப் பல வருடம் வேலை பார்த்தவன். அப்புறம் அதையே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வகுப்பில் இந்தத் தொடர்களைப் போட்டு, வெட்டுக்கு வெட்டு நிறுத்திப் பேசியிருக்கிறேன். அவை எப்படி எடுக்கப்பட்டன, ஏன் அப்படி இருந்தன என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். ஏக்கம் என்ற உணர்வைப் பற்றிச் சொல்வது ஆராய்ச்சிகளைப் படித்துத் தெரிந்துகொண்டது, அது என் துறை இல்லை. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

‘வேறு சேனல் இல்லை’ என்பதிலிருந்து தொடங்குகிறேன். இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பரில் டெல்லியில்தான் சோதனை முறையில் ஆரம்பித்தது. ஆனாலும் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சி என்பது 1982 ஆகஸ்ட் 15-ல் தேசிய ஒளிபரப்பு தொடங்கிய பிறகுதான். வண்ண ஒளிபரப்பும் அந்த வருடம்தான் வந்தது, நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி இருந்தது. 1983-ல் இன்சாட் 1-பி செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. 1984-ல் ஒளிபரப்பு நிலையங்கள் சில மாதங்களுக்கு நாளொன்றுக்கு ஒன்று என்ற வேகத்தில் திறக்கப்பட்டன. உங்கள் அப்பாவுக்கு விவரம் தெரிந்த வயதில் இந்த அவசரம் முழுவதும் நடந்து முடிந்திருக்கும். இதில் ஒரு சின்ன திருத்தம்: டெல்லிக்காரர்களுக்கு 1984 செப்டம்பரிலேயே இரண்டாவது சேனல் வந்துவிட்டது. ஆக, ‘ஒரே சேனல்’ என்பது டெல்லி வீடுகளுக்கு முழு உண்மை இல்லை.

மற்ற ஊர்களில் ஒரே சேனல்தான், சரி. ஆனால் தேர்வு இல்லாமை மட்டுமே காரணமாக இருந்திருந்தால், அந்தச் சேனலில் வந்த எல்லாமே நினைவில் நின்றிருக்க வேண்டும். அப்படி நிற்கவில்லை. 13 வாரம் ஓடிவிட்டு, பெயர்கூட மிஞ்சாமல் போன தொடர்கள் எத்தனையோ. பிடிக்காதபோது மக்கள் பெட்டியை அணைத்துவிட்டு எழுந்து போனார்கள், ரேடியோ கேட்டார்கள், மொட்டை மாடிக்குப் போனார்கள். அந்தச் சேனலிலிருந்து சில தொடர்கள் மட்டும் முப்பது நாற்பது வருடம் கழித்தும் சாப்பாட்டு மேசைப் பேச்சில் வருகின்றன என்றால், அந்தச் சிலவற்றில் சரக்கு இருந்தது. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்றால், முதல் காரணம் எழுதியவர்கள். ‘ஹம் லோக்’ 1984 ஜூலை 7-ல் தொடங்கி 1985 டிசம்பர் வரை ஓடியது. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. ஹிந்தி இலக்கியத்தில் பெரிய நாவலாசிரியர், பத்திரிகை ஆசிரியர். இயக்கியவர் பி. குமார் வாசுதேவ். இதன் விதை மெக்ஸிகோவில் இருக்கிறது. அங்கே மிகேல் சபிடோ என்பவர், சமூகச் செய்திகளைக் குடும்பக் கதைக்குள் வைத்துத் தொடர் எடுக்கும் முறையை உருவாக்கியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் வசந்த் சாத்தே இங்கும் முயற்சிக்க வைத்தார். குடும்பக் கட்டுப்பாடுதான் ஆரம்ப நோக்கம். முதல் சில எபிசோடுகளில் பிரசார நெடி அடித்தது, பார்வையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. ஜோஷி அதைக் குறைத்துக்கொண்டு மனிதர்களைப் பிடித்துக்கொண்டார். குடிகார பசேசர் ராம், எல்லாம் தாங்கும் பாக்வந்தி, வேலை தேடும் லல்லு, கிரிக்கெட் கனவில் இருக்கும் நன்ஹே, மூன்று பெண்கள். நீங்கள் பார்த்த இரண்டு எபிசோடுகளும் ஆரம்பத்தில் உள்ளவை என்றால், தொடர் இன்னும் நடை பழகாத இடத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

ஜோஷியே அடுத்து எழுதியது ‘புனியாத்’. 1986-87-ல் வந்தது, இயக்கம் ரமேஷ் சிப்பியும் ஜோதி ஸ்வரூப்பும். லாகூரில் வாழ்ந்து பிரிவினையில் பெயர்ந்து வந்த ஒரு குடும்பத்தின் கதை. இதை டெல்லியில் பார்ப்பதற்கும் வேறு ஊரில் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர் மாதிரி பகுதிகள் பிரிவினையில் வந்தவர்களுக்காகவே உருவானவை. 1986-ல் அறுபது வயதான ஒரு பஞ்சாபிப் பாட்டிக்கு, 1947-ல் இருபத்தோரு வயது. ஹவேலிராமும் லாஜோஜியும் அவருக்குக் கதாபாத்திரங்கள் இல்லை. அதுவரை பல வீடுகளில் வாய் திறந்து பேசப்படாத ஒரு விஷயம் முதல்முறையாகக் கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தது. உங்கள் தாத்தா பாட்டி தமிழர்களாக இருந்தாலும், அக்கம்பக்கத்தில் அப்படி ஒருவராவது இருந்திருப்பார்கள். அத்தைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தத் தரம் தற்செயலாக வரவில்லை. சினிமாவில் பணம் கிடைக்காமல் தவித்த நல்ல இயக்குநர்களுக்கு எண்பதுகளின் தூர்தர்ஷன் ஒரு கதவைத் திறந்தது. ஷியாம் பெனகல் 1986-ல் ‘யாத்ரா’ எடுத்தார். கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு வரை போகும் ஹிமசாகர் எக்ஸ்பிரஸ் ரயிலில் நடக்கும் கதை. 1988-ல் நேருவின் நூலை வைத்து ‘பாரத் ஏக் கோஜ்’, 53 எபிசோடுகள். கோவிந்த் நிஹலானி பிரிவினைக் கலவரத்தைப் பற்றிய ‘தமஸ்’ எடுத்தார். அதை நிறுத்தச் சொல்லி வழக்குப் போனபோது பம்பாய் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தடை விதிக்க மறுத்தன. குல்ஸார் ‘மிர்ஸா காலிப்’ எடுத்தார், நசீருதீன் ஷா நடித்தார். குந்தன் ஷாவும் சயீத் மிர்ஸாவும் ‘நுக்கட்’ செய்தார்கள். பாசு சட்டர்ஜி ‘ரஜனி’யும், பிறகு 1993-ல் ‘பியோம்கேஷ் பக்ஷி’யும் கொடுத்தார். இத்தனை பேர் ஒரே காலத்தில் ஒரே இடத்துக்காக உழைத்தது அதற்கு முன்பும் இல்லை, பிறகும் நடந்ததாக நான் நினைக்கவில்லை.

இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படாதது. தூர்தர்ஷன் அப்போது தொடர்களுக்குப் பொதுவாக 13, 13 எபிசோடுகளாக அனுமதி கொடுத்தது. வாரம் ஒன்று என்றால் 13 என்பது ஒரு காலாண்டு. விளம்பரதாரர் ஒருவர் பணம் போடுவார், பதிலுக்குத் தன் விளம்பரத்துக்கு நேரம் பெறுவார். ‘ஹம் லோக்’ தொடருக்குப் பணம் போட்டது அப்போது புதிதாக வந்திருந்த மேகி நூடுல்ஸ். இந்தக் கணக்கு கதையையே வடிவமைத்தது. 13-ல் முடிக்க வேண்டும், நன்றாகப் போனால் 26, அல்லது 39. ‘மால்குடி டேஸ்’ 39. ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ 52 என்று ஆரம்பித்து, நீட்டிக்கப்பட்டு 78-ல் முடிந்தது. எழுதுகிறவருக்கு முடிவு எங்கே இருக்கிறது என்று தெரியும். தெரிந்தால் அதை நோக்கி எழுதுவார். முடிவே இல்லாமல் வருடக்கணக்கில் தினமும் ஓட்ட வேண்டிய தொடரில் இந்த ஒழுங்கு சாத்தியமே இல்லை, எவ்வளவு திறமைசாலி எழுதினாலும்.

இனி நீங்கள் சொன்ன ‘மெதுவு’. இது என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அந்தத் தொடர்களில் பல வீடியோ டேப்பில் எடுக்கப்பட்டவை. அன்றைய தொகுப்பு, ஒரு டேப்பிலிருந்து இன்னொரு டேப்புக்கு நகல் எடுத்துக்கொண்டே போவது. நடுவில் ஒரு காட்சியை நீட்டவோ குறைக்கவோ நினைத்தால் அதற்குப் பின்னால் உள்ளதை எல்லாம் மறுபடி அடுக்க வேண்டும். ஒவ்வொரு நகலிலும் படம் கொஞ்சம் மங்கும். இன்று மாணவர்கள் மவுஸை இழுத்துச் செய்வதை அன்று அரைநாள் உட்கார்ந்து செய்தோம். அதனால் ஒரு வெட்டைப் போடுவதற்கு முன் இது தேவையா என்று யோசித்தார்கள். நடிகரே காட்சியைத் தாங்க வேண்டும் என்று விட்டார்கள். மேடையில் பயின்றவர்கள் நிறையப் பேர் நடித்ததால் அது முடிந்தது. ‘மேடை நாடகம் மாதிரி’ என்று நீங்கள் குறையாகச் சொன்னது உண்மையில் சரியான கணிப்பு.

பார்த்த இடத்தையும் சேர்த்து யோசியுங்கள். பெரும்பாலான வீடுகளில் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டி. மொட்டை மாடியில் ஆன்டெனா, காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும், திரையில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும். பின் வரிசையில் இருப்பவருக்கு முகம் சரியாகத் தெரியாது, யாராவது குறுக்கே போவார்கள், ஒரு குழந்தை அழும், தாத்தா ‘என்ன சொன்னான்?’ என்று கேட்பார். முக்கியமான ஒரு தகவலை ஒரே நொடியில் காட்டிவிட்டு நகர்ந்தால் பாதி வீடு அதைத் தவறவிடும். அதனால் ஒரு விஷயத்தைப் படமாகவும் சொன்னார்கள், வசனமாகவும் சொன்னார்கள், கேட்பவரின் முகத்தையும் காட்டி நிறுத்தினார்கள். அந்த நிறுத்தத்தில் கூடத்தில் இருப்பவர்கள் பேசிக்கொண்டார்கள். நீங்கள் அதே காட்சியைக் காதில் ஹெட்போன் மாட்டி, கையடக்கத் திரையில், தனியாகப் பார்க்கும்போது அந்த இடைவெளிகள் வெறும் இடைவெளிகளாகவே நிற்கின்றன. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்கு விட்ட இடத்தை, மிருதங்கமே இல்லாமல் கேட்பது போன்றது அது.

அந்தத் தொடர்களுக்கு நேயர் என்று ஒரு தனி ஆள் கிடையாது. பாட்டி, அப்பா, அம்மா, கல்லூரி போகும் சித்தப்பா, பத்து வயதுப் பிள்ளை, பக்கத்து வீட்டு மாமி, எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்காக எழுதினார்கள். ‘ஹம் லோக்’ ஒவ்வொரு எபிசோடு முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து, இன்று நடந்ததைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போவார். கடைசியில் தொடரின் பெயரை இந்திய மொழிகளில் சொல்வார். கேள்வியைப் போட்டுவிட்டு அவர் போனதும் வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். அவருக்கு லட்சக்கணக்கில் கடிதங்கள் வந்தன. இதை அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். ‘யே ஜோ ஹை ஜிந்தகி’ நகைச்சுவையில் சதீஷ் ஷா ஒவ்வொரு எபிசோடிலும் வேறு வேறு ஆளாக வருவார். இன்று என்ன வேடம் என்று பிள்ளைகள் காத்திருக்க அதுவே போதும். பெரியவர்களுக்கு ஷரத் ஜோஷியின் வசனம். ஒரே அரைமணி நேரத்தில் வயதுக்கு ஒன்று வைத்திருந்தார்கள்.

சேர்ந்து பார்ப்பதே ரசனையை மாற்றுமா என்று கேட்டால், மாற்றும் என்று நம்ப ஓரளவு ஆதாரம் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எரிக்கா பூத்பியும் சகாக்களும் செய்து 2014-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரே சாக்லேட்டை இன்னொருவரும் அதே நேரத்தில் சாப்பிடுகிறார் என்று தெரிந்தவர்களுக்கு அது கூடுதல் சுவையாக இருந்தது, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமலேயே. கசப்பான சாக்லேட் கொடுத்தபோது கசப்பும் கூடியது. சாக்லேட்டிலிருந்து ‘மகாபாரத்’ வரை கோடு போட்டுவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நல்லது இன்னும் நல்லதாகவும், மோசமானது இன்னும் மோசமாகவும் தெரியும் என்பது, கூடத்தில் உட்கார்ந்து பார்த்த யாருக்கும் அனுபவமாகவே தெரிந்த விஷயம்.

ஞாயிறு காலை பற்றி உங்கள் அத்தைகள் சொல்வதில் எதை நம்பலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். ‘ராமாயண்’ 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிறு காலை 9:30-க்கு வந்தது. 1988 அக்டோபர் 2-ல் பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ தொடங்கி 94 எபிசோடுகள் போனது. அந்த நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடின என்பதும், பெட்டிக்கு மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றிப் பார்த்தார்கள் என்பதும் அன்றைய பத்திரிகைகளிலேயே பல ஊர்களிலிருந்து பதிவானவை, நம்பலாம். எல்லா ஊரிலும் ரயிலும் பஸ்ஸும் அப்படியே நின்றன என்பது மாதிரி கதைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேளுங்கள். எங்கோ ஓரிடத்தில் நடந்தது எல்லா ஊருக்கும் பரவிவிடும். ‘மகாபாரத்’ வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ரஸா என்பதும், ‘நான் காலம்’ என்று பேசும் அந்தக் குரல் ஹரீஷ் பிமானியுடையது என்பதும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. உடை, அட்டை மாளிகை, அம்பு மோதும் காட்சி எல்லாம் இன்று சிரிப்பை வரவழைக்கலாம். சூதாட்ட சபைக் காட்சியை மட்டும் வசனத்துக்காகப் பாருங்கள், சிரிக்க மாட்டீர்கள்.

உங்கள் அம்மா தமிழ்நாட்டிலேயே வளர்ந்து, ஹிந்தி தெரியாமலேயே இதையெல்லாம் பார்த்ததாகச் சொல்வது எப்படி என்று ஆச்சரியப்பட்டிருக்கிறீர்கள். அது நிஜம்தான். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது. மாலையில் தமிழ் நிகழ்ச்சிகள், இரவில் டெல்லியிலிருந்து தேசிய ஒளிபரப்பு. ஹிந்திச் செய்தி ஆரம்பித்ததும் அணைத்துவிடும் வீடுகள் ஏராளம். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’தான் அங்கே கூட்டம் சேர்த்தது. தென் மாவட்டங்களில் ஆன்டெனாவை ஒளிபரப்பு நிலையம் இருந்த கொடைக்கானல் பக்கமும் திருப்பினார்கள், இலங்கையின் ரூபவாஹினி சேனலுக்காகக் கடல் பக்கமும் திருப்பினார்கள். ஆனால் ஞாயிறு காலை மட்டும் வேறு. ராமன் கதையும் பாண்டவர் கதையும் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் மொழி குறுக்கே நிற்கவில்லை. ஹிந்தி பிரசார சபாவில் மத்யமா வரை தேறிய அக்கா ஒருத்தி வீட்டில் இருந்தால் அவள்தான் அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர், அவளுக்குத் தெரியாத இடத்தைத் தாத்தா தன் கதா காலட்சேப ஞானத்தால் நிரப்புவார். ‘மால்குடி டேஸ்’ இன்னும் நெருக்கம். ஆர்.கே. நாராயண் கதைகள், இயக்கம் சங்கர் நாக், எடுத்தது கர்நாடகத்தின் ஆகும்பே, இசை நம் எல். வைத்தியநாதன். அந்தத் தொடக்க இசையைக் கேட்டாலே ஐம்பது வயதுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, அந்தக் கூடம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இனிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்களும் பிள்ளைகளும் முன்னால் உட்கார, அடுப்பில் சப்பாத்தி போட்டுக்கொண்டே வசனத்தை மட்டும் கேட்டு, நடு நடுவே வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போன பெண்கள் அநேகம். டெல்லிக் குடும்பங்களில் இதை நேரில் இருந்து கவனித்து பூர்ணிமா மங்கேகர் என்ற மானுடவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். உங்கள் பாட்டியின் நினைவும் அப்பாவின் நினைவும் ஒன்றாக இருக்காது. பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அடுத்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றதும் உண்டு. தொடர்கள் சொல்ல நினைத்ததும் அப்படியே போய்ச் சேரவில்லை. பாக்வந்தியை, இப்படிப் பொறுத்துப் பொறுத்து வீணாகக் கூடாது என்று காட்டுவதற்காக எழுதினார்கள். பார்வையாளர்களில் கணிசமானவர்கள் அவளையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள் என்று சிங்காலும் ரோஜர்ஸும் கண்டார்கள். அரசுச் சேனலில் ஒரு மதத்தின் காவியம் வாரா வாரம் ஓடியது அரசியலை எப்படி மாற்றியது என்பதும் அறிஞர்களுக்குள் முடியாத விவாதம். ஏதோ ஒரு பாதிப்பு இருந்தது என்றே நான் நினைக்கிறேன். எவ்வளவு என்று அளந்து சொல்வோரை நம்புவதில்லை.

அது எப்படி முடிந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1991 வளைகுடாப் போரோடு கேபிள் பரவியது, 1992 அக்டோபரில் ஜீ டிவி, 1993 ஏப்ரலில் இங்கே சன் டிவி. 2000 ஜூலை 3 அன்று ஸ்டார் பிளஸில் ஒரே இரவில் ‘கோன் பனேகா க்ரோர்பதி’யும் மாமியார் மருமகள் தொடரும் தொடங்கின, தினத்தொடர் காலம் வந்துவிட்டது. வீட்டில் இரண்டாவது பெட்டி வந்தது, ஆளுக்கு ஒரு போன் வந்தது. 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் ‘ராமாயண்’ தொடரை மறுபடி போட்டபோது ஏப்ரல் 16 அன்று 7.7 கோடிப் பேர் பார்த்ததாக அது அறிவித்தது. அந்த எண்ணிக்கையைச் சாதனை என்று சொன்னதைப் பலர் கேள்வி கேட்டார்கள். ஆனால் அந்த மாதங்களில் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள், ஒரே நேரத்தில் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நினைவு பற்றி ஆராய்ச்சிகள் சொல்வதில் இரண்டு விஷயம் இங்கே பொருந்தும். மனிதர்களுக்குப் பத்து வயதிலிருந்து இருபத்தைந்து, முப்பது வரையிலான காலத்தின் நினைவுகள் மற்ற வயதுகளைவிட அடர்த்தியாகத் தங்குகின்றன. இது பலமுறை சோதித்து உறுதியானது. உங்கள் அப்பாவுக்கு அந்த வயது சரியாகத் தூர்தர்ஷனோடு பொருந்திவிட்டது. இரண்டாவது, இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் செடிகிடெஸ், வில்ட்ஷுட் குழுவினர் கண்டது: மக்கள் ஏக்கத்தோடு நினைக்கும் காட்சிகளில் பெரும்பாலும் நெருங்கிய மனிதர்கள் இருக்கிறார்கள், பொருள்கள் பின்னணிதான். தனிமையாக உணரும்போது அந்த நினைவுகள் அதிகம் வருகின்றன. உங்கள் அப்பாவின் ஏக்கத்தில் ஜோஷியின் எழுத்துக்கு எத்தனை பங்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அப்பாவுக்கு எத்தனை பங்கு என்று வெளியிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நானும் முயலமாட்டேன்.

ஆக, அவரோடு பார்த்தால் பிடிக்குமா? ‘ஹம் லோக்’ பிடிக்கும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது, அதை உங்களுக்காக இல்லாமல் அவருக்காகப் பாருங்கள். முதலில் ‘மால்குடி டேஸ்’, அதிலும் சுவாமியின் கதைகள். ஒவ்வொன்றும் அரைமணிக்குள் முடியும், ஹிந்தி குறைவாகத் தெரிந்தாலும் புரியும், அம்மாவும் உட்காரலாம். அடுத்து துப்பறியும் தொடரான ‘பியோம்கேஷ் பக்ஷி’. ரஜித் கபூரின் நடிப்பும் கதை முடிச்சும் இன்றைக்கும் ஈடு கொடுக்கின்றன. ‘யே ஜோ ஹை ஜிந்தகி’யில் சில நகைச்சுவைகள், குறிப்பாக மனைவியைக் கேலி செய்யும் இடங்கள், உங்களுக்கு உறுத்தும். உறுத்தினால் அங்கேயே சொல்லுங்கள், நல்ல பேச்சு வரும். ‘புனியாத்’ கடைசியில், அவருக்கு நேரமும் மனமும் இருக்கும்போது.

போனில் வேண்டாம், கூடத்து டிவியில் போடுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே ஒரு எபிசோடு. அடுத்ததைத் தானாக ஓடவிடும் வசதியை அணைத்துவிடுங்கள், இது முக்கியம். மிச்சத்துக்கு ஒரு வாரம் காத்திருக்கும்போதுதான் சாப்பிடும் நேரத்தில் அதைப் பற்றிப் பேச்சு வரும். தொடக்கப் பாட்டைத் தாண்டிப் போகாதீர்கள், அப்பா வாய் திறப்பதே பெரும்பாலும் அங்கேதான். தனியார் ஏற்றி வைத்திருக்கும் பிரதிகளில் பல வெட்டப்பட்டவை. தூர்தர்ஷன் காப்பகத்தின் சொந்த யூடியூப் பக்கத்திலும், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியிலும் முதலில் தேடிப் பாருங்கள். இன்னொன்று, இவை எல்லாம் அகலத்துக்கும் உயரத்துக்கும் 4:3 என்ற விகிதத்தில், பழைய பெட்டியின் அளவில் எடுக்கப்பட்டவை. உங்கள் அகலத் திரை அதை இழுத்து நிரப்பினால் எல்லோருடைய முகமும் சப்பையாகி, அப்பாவே ‘இப்படி இல்லையே’ என்பார். டிவியின் பட அமைப்பில் 4:3 என்று மாற்றிவிட்டு, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழட்டும் என்று விட்டுவிடுங்கள்.